வெளியே சொல்லக் கூசும் ஆல்பங்கள்

கேள்வி இதுதான்: நல்ல இசை ரசனை உள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள்கூட நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளத் தயங்கும், ஆனால் தனியாக இருக்கும்போது விரும்பிக் கேட்கும் ஆல்பங்கள் எவை? அவற்றில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா, அல்லது இளமைக்கால நினைவின் மயக்கம் மட்டும்தானா?

சரக்கு இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகமானவற்றில் இருக்கிறது. என் பதிலை ஆங்கில பாப், ராக் ஆல்பங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். மவுசு ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான் ஆவணங்களோடு அப்பட்டமாகத் தெரிகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பங்களைக் கண்டு முகம் சுளித்தவர்கள் விமர்சகர்களும், விமர்சகர்களைப் படித்த ரசிகர்களும். இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் அமைதியாகக் கேட்டார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஓர் ஆல்பம் உண்மையிலேயே மட்டமானதா, அல்லது வெறுமனே மவுசு போனதா என்று எனக்குச் சந்தேகம் வந்தால், அதிலிருந்து பிற்காலக் கலைஞர்கள் யார், எதை எடுத்தார்கள் என்று பார்ப்பேன்.

கார்பென்டர்ஸில் தொடங்குவதுதான் நியாயம். ரிச்சர்ட், கேரன் என்ற அண்ணன் தங்கை. 1970-இல் 'க்ளோஸ் டு யூ' வெளிவந்தபோது ராக் உலகம் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்தது. இவர்களோ சலவை செய்த சட்டையும் சிரித்த முகமுமாக வந்து மெதுவாகப் பாடினார்கள். 1973-இல் நிக்சன் அழைத்து வெள்ளை மாளிகையிலும் பாடினார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை தேவைப்படவில்லை. 'பெற்றோருக்குப் பிடித்த இசை' என்ற முத்திரை விழுந்தது.

இப்போது 1972-இன் 'எ சாங் ஃபார் யூ' ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். கேரனின் குரல் பெண்குரல்களில் தாழ்ந்த வகையைச் சேர்ந்தது. அந்த ஆழத்தில் அவர் குரலை உயர்த்துவதே இல்லை. மைக்குக்கு மிக அருகில் நின்று, ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யெழுத்தையும் முழுதாக முடித்துப் பாடுகிறார். பின்னணியில் ஒலிக்கும் கூட்டுக்குரல் ஒரு பெரிய குழுவின் குரல் என்று தோன்றும். உண்மையில் அந்த இருவரும் தங்கள் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிவுசெய்து அடுக்கியது அது. கேரன் அடிப்படையில் ஒரு டிரம்ஸ் கலைஞர் என்பதும் பாடும்போது தெரிகிறது. தாளத்துக்கு ஒரு நூலிழை பின்தங்கி வருவார், ஆனால் ஒருபோதும் தவறவிட மாட்டார்.

அந்த ஆல்பத்தில் 'குட்பை டு லவ்' என்றொரு பாட்டு. காதல் தனக்கு வாய்க்கப்போவதில்லை என்று ஒரு பெண் மிக அமைதியாக முடிவெடுக்கிற பாட்டு. நடுவில் திடீரென்று டோனி பெலூசோவின் கரகரத்த மின்கிட்டார் பாய்ந்து வருகிறது. கார்பென்டர்ஸ் ராக் பக்கம் போய்விட்டார்கள் என்று கோபப்பட்டு ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள் என்று ரிச்சர்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ராக் ரசிகர்கள் இவர்களைச் சாது என்று ஒதுக்க, சொந்த ரசிகர்கள் முரட்டுத்தனம் என்று திட்டியிருக்கிறார்கள். மென்மையான காதல் பாட்டின் உச்சத்தில் கரகரக்கும் கிட்டார் என்ற அந்த உத்தியைத்தான் பின்னால் எத்தனையோ ராக் குழுக்கள் தங்கள் பெருமையாகக் காட்டிக்கொண்டன.

1971-இல் பாடிய 'சூப்பர்ஸ்டார்' இன்னும் இருட்டானது. ஊர் ஊராகப் போகும் ஓர் இசைக்கலைஞனுக்காகக் காத்திருக்கும் ரசிகையின் புலம்பல் அது. மூலப்பாட்டில் 'உன்னோடு மறுபடி உறங்க' என்றிருந்த வரியை வானொலிக்காக 'உன்னோடு மறுபடி இருக்க' என்று ரிச்சர்ட் மாற்றினார். மாற்றியும் ஏக்கம் குறையவில்லை. கூடியதென்றே சொல்வேன். கேரன் 1983-இல், பசியின்மை நோயின் விளைவுகளால், 32 வயதில் இறந்துபோனார். சானிக் யூத் என்ற, இரைச்சலுக்கே பெயர்போன நியூயார்க் குழு, 1990-இல் அவரைப் பற்றி ஒரு பாட்டே எழுதியது. 1994-இல் மாற்று ராக் குழுக்கள் சேர்ந்து கார்பென்டர்ஸுக்குச் செலுத்திய அஞ்சலி ஆல்பத்தில் 'சூப்பர்ஸ்டா'ரைப் பாடியதும் அதே சானிக் யூத்தான். கேலியாகப் பாடவில்லை. கேட்டுப் பார்த்தால் தெரியும்.

அடுத்து பீ ஜீஸ். இவர்களின் கதை வேறு மாதிரி. கார்பென்டர்ஸை யாரும் எரிக்கவில்லை.

1977 நவம்பரில் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்ற டிஸ்கோ நடனப் படத்தின் இசை ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. எந்த வானொலியைத் திருப்பினாலும் பீ ஜீஸின் அதே மூன்று சகோதரர்களின் உச்சஸ்தாயிக் குரல். தெவிட்டாமல் என்ன செய்யும்? 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் தூண்டுதலில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டோடு வருகிறவருக்கு 98 சென்ட்டில் பேஸ்பால் ஆட்டத்துக்கு அனுமதி என்றார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி நாசம் செய்தது. இரண்டாவது ஆட்டத்தை நடத்தவே முடியவில்லை. அன்று அங்கே ஊழியராக இருந்த வின்ஸ் லாரன்ஸ், கொண்டுவரப்பட்ட தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்களின் சாதாரணத் தட்டுகள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும். வெறுப்பு முழுக்க முழுக்கச் செவியிலிருந்து வந்ததா என்று கேட்க இடமிருக்கிறது. லாரன்ஸ் சில ஆண்டுகளில் அதே சிகாகோவில், டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஹவுஸ் நடன இசையை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

வெடிவைத்தவர்கள் எதைத்தான் வெடித்தார்கள்? 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். பிரான்சில் பதிவு நடக்கும்போது டிரம்ஸ் கலைஞர் குடும்பத்தில் ஒரு நெருக்கடி என்று ஊருக்குப் போய்விட்டார். ஒலிப்பதிவாளர்கள் 'நைட் ஃபீவர்' பாட்டில் அவர் ஏற்கெனவே வாசித்திருந்ததிலிருந்து இரண்டு தாளக்கட்டு அளவுக்கு நாடாவை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றவிட்டார்கள். அந்த மாறாத, அசையாத துடிப்புதான் பாட்டின் உயிர். டிரம்ஸ் வாசித்தவர் என்று 'பெர்னார்ட் லூப்' என்ற இல்லாத மனிதரின் பெயரை வேடிக்கையாகப் போட்டார்கள். இன்று கணினியில் ஒரு சொடுக்கில் செய்கிற வேலையை அன்று கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவும் கொண்டு செய்தார்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் துடிப்பு. மாரடைப்பு முதலுதவிப் பயிற்சியில் நெஞ்சை அழுத்தும் வேகத்துக்கு இந்தப் பாட்டை மனத்தில் ஓட்டச் சொல்கிறார்கள். உயிர் காக்கும் ஆல்பம் என்று இதைவிட நேரடியாக எதையும் சொல்ல முடியாது.

எனக்குச் சுவையாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. வானொலிகள் பீ ஜீஸ் பெயரையே தவிர்த்தன. அவர்கள் பெயரை மட்டும் மாற்றினார்கள், அதாவது பிறருக்கு எழுதினார்கள். 1980-இல் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுக்காக 'கில்டி' ஆல்பம். 1982-இல் டியான் வார்விக்குக்கு 'ஹார்ட்பிரேக்கர்'. 1983-இல் கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்'. அதே மெட்டமைக்கும் மூளை, பல இடங்களில் அதே பின்னணிக் குரல்கள். பீ ஜீஸ் என்றால் வானொலியை அணைத்தவர்கள், இவற்றை வரிசையில் நின்று வாங்கினார்கள். 1998-இல் ப்ராஸ் என்ற ராப் பாடகர் 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' மெட்டையே எடுத்து இன்னொரு வெற்றிப் பாட்டு செய்தார். 'கில்டி'தான் இந்தப் பதிலில் நான் யாருக்கும் தயங்காமல் நீட்டக்கூடிய ஆல்பம். அட்டையில் ஸ்ட்ரைசாண்டும் பீ ஜீஸ் சகோதரர்களில் ஒருவரான பேரி கிப்பும் வெள்ளை உடையில் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். 'வுமன் இன் லவ்' பாட்டில் ஸ்ட்ரைசாண்ட் ஒரு சுரத்தை எடுத்து நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கையில் அடியில் இசை நகர்ந்துபோகும் இடம் ஒன்று போதும்.

டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான ஃபில் காலின்ஸ் மேல் இருந்த கோபம் இன்னும் எளிமையானது. அவர் எங்கும் இருந்தார். 1985-இல் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரண இசை நிகழ்ச்சி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்தது. கான்கார்ட் விமானத்தில் ஏறி ஒரே நாளில் இரண்டிலும் வாசித்தார். அதே ஆண்டில் வந்த 'நோ ஜாக்கெட் ரிக்வயர்ட்' கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம். அதை நான் காப்பாற்ற முயல மாட்டேன், அதில் பாதி வெறும் பளபளப்பு. ஆனால் 1981-இன் 'ஃபேஸ் வேல்யூ' வேறு ரகம். மணவாழ்க்கை முறிந்த மனிதன் வீட்டில் தனியே உட்கார்ந்து ஒரு தாளக்கருவியைத் தட்டிவிட்டுப் பாடியது.

'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் மூன்றரை நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு டிரம்ஸ் விழும். அந்த ஒலிக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன்பு பீட்டர் கேப்ரியலின் ஆல்பத்துக்காக லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கலைஞர்கள் பேசுவதை ஒலிப்பதிவாளர் கேட்பதற்கென்று கூரையில் ஒரு மைக் இருந்தது. பேச்சு தெளிவாகக் கேட்க அதன் ஒலியைக் கடுமையாக அமுக்கும் கருவியோடு அதை இணைத்திருந்தார்கள். அது திறந்திருந்தபோது காலின்ஸ் டிரம்ஸைத் தட்ட, பூதாகரமாக வீங்கிச் சட்டென்று அறுந்துபோகும் ஓர் ஒலி கேட்டது. ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்கம் அதைப் பதிவுக்குள் கொண்டுவந்தார். அடுத்த பத்து ஆண்டுகள் உலகமெங்கும் டிரம்ஸ் அப்படித்தான் ஒலித்தது. எல்லோரும் அந்த ஒலியைப் பயன்படுத்திச் சலிப்பேற்றியதற்கான பழியும் காலின்ஸ் தலையில் விழுந்தது. விமர்சகர்கள் அவரைப் பந்தாடிக்கொண்டிருந்தபோது ராப், ஆர் அண்ட் பி கலைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2001-இல் அவர்கள் சேர்ந்து அவருடைய பாடல்களைப் பாடி ஓர் அஞ்சலி ஆல்பமே வெளியிட்டார்கள். 'ஃபேஸ் வேல்யூ'வில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுகருவிக் கலைஞர்கள் வாசித்திருப்பது அவர்களுக்குத் தெரியும். ராக் விமர்சகர்கள் அதை எழுத மறந்தார்கள்.

போனி எம் பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. 1978-இன் 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' ஏளனத்துக்கு வேண்டிய எல்லாம் கொண்டது: விண்வெளி அறிவிப்பு, மினுமினுக்கும் உடை, ரஷ்யச் சாமியார் ஒருவரைப் பற்றிய ஆட்டப்பாட்டு. மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் ஒலித்தட்டில் பாடவே இல்லை. அந்தக் கட்டைக்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. (அதே ஃபாரியன்தான் பின்னர் மில்லி வனில்லி இரட்டையரை முன்னால் நிறுத்திப் பிறரைப் பாடவைத்து, 1990-இல் அவர்களிடமிருந்து கிராமி திரும்பப் பெறப்படக் காரணமானவர்.) ஆனால் லிஸ் மிட்செல் உண்மையிலேயே பாடினார், அதுவும் எப்படி! 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் பாடிய, ரஸ்தஃபாரி என்ற ஜமைக்கச் சமயத்தின் பக்திப் பாட்டு. நாடு கடத்தப்பட்டவர்கள் புலம்பும் பைபிள் சங்கீத வரிகளை ஐரோப்பாவே ஆடிக்கொண்டு பாடியது. தன் பக்தி குறையாமல் அதைப் பாடியவர் மிட்செல். 1978 டிசம்பரில் குழு மாஸ்கோவுக்குப் போனபோது அந்தச் சாமியாரைப் பற்றிய 'ரஸ்புடின்' பாட்டை மட்டும் பாட அனுமதியில்லை. ஒரு விந்தைச் செய்தி: பாபி ஃபாரெல் இறந்தது 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊரில், இன்றைய நாள்காட்டிப்படி அதே தேதியில்.

மீட் லோஃபின் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்', 1977. எழுதியவர் ஜிம் ஸ்டைன்மன். பல நிறுவனங்கள் திருப்பியனுப்பிய ஆல்பம். தயாரித்த டாட் ரண்ட்கிரன், இதை ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பகடி செய்யும் முயற்சி என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங்ஸ்டீன் குழுவின் பியானோக் கலைஞரும் டிரம்ஸ் கலைஞருமே இதில் வாசிக்கிறார்கள். முதல் பாட்டில் உறுமும் மோட்டார் சைக்கிள் ரண்ட்கிரனின் கிட்டார். தெருக்கூத்துக்காரர் வேடம் கட்டிக்கொண்டு அடக்கமாக நடிக்க முடியாது. இந்த ஆல்பமும் அந்த வகை. எல்லாமே உச்சத்தில்தான். இதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் பாட்டுக்குள் கூடவே கத்திக்கொண்டிருப்பார்கள்.

அயர்லாந்துப் பாடகி என்யாவை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 1988-இன் 'வாட்டர்மார்க்', மசாஜ் நிலையங்களின் பின்னணி இசை என்று கேலி செய்யப்பட்டது. ஒரே பெண்ணின் குரலை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து கோயில் அளவுக்கு எழுப்பியிருக்கிறார்கள். சொந்தமாக ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணம்கூடப் போகாமல் கோடிக்கணக்கில் விற்றவர் அவர். 1996-இல் ஃப்யூஜீஸ் என்ற ராப் குழுவினர் தங்கள் 'ரெடி ஆர் நாட்' பாட்டுக்கு அடித்தளமாக என்யாவின் 'போடிசியா'வை எடுத்துக்கொண்டார்கள். முதலில் அனுமதி கேட்கவில்லை, பிறகு சமரசமாகப் போனார்கள். அந்தப் பாட்டின் அச்சமூட்டும் அமைதி முழுக்க என்யாவுடையது.

இரண்டு தம்பதிகள் சேர்ந்த ஸ்வீடன் குழுவான ஆபாவை இந்தப் பட்டியலில் சேர்க்க இப்போது நியாயமில்லை. 1975-இல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் பிரதிநிதித்துவப்படுத்திய வணிக இசைக்கு எதிராகத் தனி விழாவே நடத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் 1992-இன் தொகுப்பு ஆல்பத்துக்குப் பிறகு வெட்கப்படுகிறவர் யாருமில்லை. ஒன்று மட்டும்: அந்தத் தொகுப்போடு நின்றுவிட்டவர்கள் 1981-இன் 'தி விசிட்டர்ஸ்' ஆல்பத்தைத் தேடிக் கேட்கவேண்டும். இரண்டு தம்பதிகளும் பிரிந்த நிலையில் பதிவானது. குளிர்ந்து, இறுகிப்போன ஆல்பம்.

இப்போது என் அளவுகோலுக்கே சோதனையாக நிற்பவர் சாக்ஸபோன் கலைஞர் கென்னி ஜி. 1992-இன் 'ப்ரெத்லெஸ்' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இவரை ஏளனம் செய்தவர்கள் விமர்சகர்கள் மட்டுமல்லர். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவின் மேல் தன் சாக்ஸபோனை ஏற்றி அவர் வெளியிட்டபோது, ஜாஸ் கிட்டார் மேதை பாட் மெதீனி 2000-இல் பொங்கி எழுதியது இசையுலகின் மிகக் கடுமையான வசைகளில் ஒன்று. இசைக்கலைஞர்களே ஒதுக்கினால் ஆல்பம் மட்டமானது என்று முடித்துவிடலாம், நானும் வெகுகாலம் அப்படியே முடித்து வைத்திருந்தேன். 2019-இல் ராப் கலைஞர் கன்யே வெஸ்ட் தன் ஆல்பத்தில் அவரை வாசிக்கவைத்தார். அடுத்த ஆண்டு பாடகர் தி வீக்எண்டும் கூப்பிட்டார். சீனாவில் கடைகளும் அலுவலகங்களும் மூடும் நேரத்தில் அவருடைய 'கோயிங் ஹோம்' ஒலிக்கிறது, மக்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு இன்னும் 'ப்ரெத்லெஸ்' பிடிக்கவில்லை. அவர் சுரங்களுக்கு நடுவே மூச்சுவிடும் இடமே வைப்பதில்லை, கேட்கிறவனுக்கும் மூச்சு முட்டுகிறது. ஆனால் பிடித்தவர்களிடம் இனி வாதாட மாட்டேன்.

பழைய இசைத்தட்டுக் கடைகளில் இந்த ஆல்பங்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, 'யாரும் விரும்பாததால்தானே தள்ளிவிட்டார்கள்' என்று சிலர் கேட்கிறார்கள். ஹெர்ப் ஆல்பர்ட்டின் 1965 ஆல்பமான 'விப்டு கிரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்' அமெரிக்காவில் அப்படிப்பட்ட எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பார்கள். கோடி வீடுகளுக்குள் போன பொருள் கோடி வீடுகளிலிருந்து வெளியே வரத்தான் செய்யும். அபூர்வமாகக் கிடைக்கும் ஆல்பம் உயர்ந்தது என்ற எண்ணம் சேகரிப்பவர்களின் நோய், அதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை. (அந்த அட்டையில் பெண்ணின் மேல் இருப்பது பெரும்பாலும் முகச்சவர நுரை. படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் உண்மையான கிரீம் உருகிவிடும். ஆல்பர்ட்டும் ஜெரி மாஸும் தொடங்கிய ஏ அண்ட் எம் நிறுவனம்தான் பின்னால் கார்பென்டர்ஸை வெளியிட்டது.)

எங்கே தொடங்குவது என்றும் கேட்பீர்கள். மெல்லிசை பிடிக்குமென்றால் 'எ சாங் ஃபார் யூ' அல்லது 'கில்டி'. ராக் பழக்கம் உள்ளவர்களுக்கு, எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ராவின் 1977 இரட்டை ஆல்பம் 'அவுட் ஆஃப் தி ப்ளூ'. குழுவின் தலைவர் ஜெஃப் லின் சுவிட்சர்லாந்து மலைவீடு ஒன்றில் சில வாரங்களில் எழுதிமுடித்தது. அட்டையில் விண்கலம், உள்ளே வயலின்கள், எல்லாம் மிகை. அலங்காரங்களை வெறுத்த பங்க் இசை கொடிகட்டத் தொடங்கிய அதே ஆண்டில் இப்படியொன்றை வெளியிட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அதே லின்னைத்தான் 1990-களில் பீட்டில்ஸின் எஞ்சிய மூவர், லென்னனின் பழைய ஒலிநாடாவைப் பாட்டாக்கித் தரும்படி அழைத்தார்கள். மூன்றாம் பக்கத்தைத் தனியாகக் கேளுங்கள்: மழைநாளைப் பற்றிய நான்கு பாட்டுகள், இடிமுழக்கத்தில் தொடங்கி 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை'யில் வெயிலாக முடிபவை. இணையத்தில் கேட்பதானால் பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதியை அணைத்துவிடுங்கள், வரிசை முக்கியம். கடைசியில் ஓர் இயந்திரக் குரல் முணுமுணுக்கும். 'என்னைத் திருப்பிப் போடுங்கள்' என்று இசைத்தட்டு கேட்கிறது. திருப்பிப் போட்டால் வரும் நான்காம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, 'வைல்ட் வெஸ்ட் ஹீரோ'வுக்காக மட்டும் கேட்கலாம்.